கூட்டு வாசிப்புக்கு முதல் நூல் எது? பாளையங்கோட்டை வாசகர்களுக்காக ஓர் ஒப்பீடு

பாளையங்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடும் எங்கள் சிறிய வாசகர் கூட்டம், இனிமேல் எல்லோரும் ஒரே நூலை வாசித்துவிட்டு வந்து பேசுவது என்று முடிவு செய்திருக்கிறது. எந்த நூல் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நான்கு பெயர்கள் முன்மொழியப்பட்டன: வண்ணநிலவனின் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’, கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’, புதுமைப்பித்தனின் கதைகள். நான்கும் நெல்லைச் சீமையில் வேர் கொண்டவை. நான்குக்கும் விட்டுக்கொடுக்காத ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். அவற்றை ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. சங்கரன்கோவிலிலோ அம்பாசமுத்திரத்திலோ இதே போன்ற கூட்டத்தைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று, எங்களுக்கு மட்டுமே பொருந்தும் விவரங்களைக் குறைத்து எழுதியிருக்கிறேன்.

இதுவரை நடந்து வந்த முறையை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த மாதம் கையில் வைத்திருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசுவார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி சோ. தர்மனின் ‘சூல்’ நாவலைப் பற்றிப் பேசியபோது, உருளைக்குடிக் கண்மாயின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த பலரும் தங்கள் ஊர்க் குளத்தின் இன்றைய நிலையை நினைத்துக்கொண்டார்கள். 2019இல் வந்த ‘அசுரன்’ படத்தைப் பார்த்த பிறகு அதற்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’யைத் தேடிப்பிடித்து வாசித்த கல்லூரி மாணவர், படத்தில் இல்லாத அமைதி நாவலில் இருக்கிறது என்று சொன்னார். நான் இப்போது கு. அழகிரிசாமியின் கதைகளை மீண்டும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை யாராவது இன்னும் வாசிக்காமல் இருந்தால் இந்தக் கட்டுரையை நிறுத்திவிட்டு அதை வாசித்துவிட்டு வரலாம், தவறில்லை. இப்படிப் பகிர்ந்துகொள்வதால் எவர் மீதும் எந்த நூலும் திணிக்கப்படுவதில்லை, புதிய பெயர்கள் காதில் விழுகின்றன. குறை என்னவென்றால், பேசுபவர் வாசித்த நூலை மற்றவர்கள் வாசித்திருப்பதில்லை. ஆகவே அவர் சொல்வதை மறுக்கவோ, அவர் கவனிக்காமல் விட்டதை எடுத்துச் சொல்லவோ ஆளில்லை. எல்லாப் பரிந்துரையும் பாராட்டாகவே முடிகிறது. குறித்துக்கொண்ட பெயர்களில் பெரும்பாலானவை குறிப்பேட்டிலேயே தங்கிவிடுகின்றன. முதல் அரை மணி நேரத்தை இந்தப் பகிர்தலுக்கு விட்டுவிட்டு, மீதி நேரத்தைப் பொது நூலுக்குக் கொடுப்பது இரண்டு முறைகளின் பயனையும் தரும்.

நான்கும் நல்ல நூல்கள் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எனவே இலக்கியத் தரத்தைக் கொண்டு அவற்றை வரிசைப்படுத்துவதில் பொருளில்லை. தனியாக வாசிப்பதற்கு நூலைத் தேர்ந்தெடுப்பது வேறு, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதற்குத் தேர்ந்தெடுப்பது வேறு. அத்தனை பேருக்கும் பிரதி கிடைக்குமா, வேலைக்குப் போகிறவரும் வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருப்பவரும் ஒரு மாதத்தில் முடிக்க முடியுமா, பாதி வாசித்தவரும் கூட்டத்தில் வாய் திறக்க முடியுமா என்பவை நடைமுறைக் கேள்விகள். இவற்றுக்கு மேலாக, வாசித்த இரண்டு பேர் நூலைப் பற்றி நேர் எதிராகப் பேசுவதற்கு அதில் இடம் இருக்கிறதா என்பதையே நான் முக்கியமாகப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போகும் நூல், எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், கூட்டத்துக்கு உதவாது.

அதிக ஆதரவு பெற்ற நூல் வண்ணநிலவனின் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’. 1981இல் வெளிவந்த இந்தச் சிறிய நாவல் இரண்டு மூன்று மாலைகளில் வாசித்து முடிக்கக்கூடியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838இல் இங்கேயே மறைந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸின் பெயரைத் தாங்கிய தெருவில் வாழும் சில கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றியது. கதை என்று கோத்துச் சொல்ல அதில் பெரிதாக எதுவும் இல்லை. எழுத்து ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கிருப்பவர்களின் கடந்த காலத்தைக் கொஞ்சம் தொட்டு, வாசல் வழியே வெளியேறி, எதிர்வீட்டுக்குள் போகிறது. உறவினர் வீட்டில் வளரும் டாரதியின் தனிமையும், இருதயத்து டீச்சர் வீட்டின் நோயும், எஸ்தர் சித்தியின் மனதுக்குள் நடப்பவையும், தீர்ப்புச் சொல்லும் தொனி எங்கும் தலைகாட்டாமல் சொல்லப்படுகின்றன. மழை பெய்யும் பக்கங்களில் அந்தத் தெரு முழுவதும் சட்டென்று ஒரே குடும்பமாகிவிட்டது போன்ற உணர்வு வாசிப்பவருக்கு வருகிறது. தமிழில் இவ்வளவு சிறிய அளவில் இவ்வளவு மனிதர்களைக் காட்டிய நாவல்கள் மிகக் குறைவு.

இத்தனை சொல்லிவிட்டு, இதை முதல் நூலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் நூலில் இல்லை, எங்களிடம்தான் இருக்கிறது. பாளையங்கோட்டைக்காரர்கள் பாளையங்கோட்டை நாவலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு ஐந்து நிமிடத்துக்குள் நூலை விட்டு இறங்கிவிடுகிறது. சென்ற கூட்டத்தில் இந்த நாவலை முன்மொழிந்தபோதே அது நடந்தது. “அது எங்க அத்த வீட்டுக்கு அடுத்த தெருல்லா” என்று ஒருவர் சொல்ல, அந்தத் தெருவில் யார் யார் இருந்தார்கள், எந்த வீடு இடிக்கப்பட்டது, இப்போது அங்கே எந்தக் கடை இருக்கிறது என்று பேச்சு நீண்டது. டாரதியைப் பற்றி எவரும் பேசவில்லை. தெரிந்த இடத்தை எழுத்தில் காணும்போது வரும் மகிழ்ச்சி உண்மையானதுதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மகிழ்ச்சி கிடைத்ததும் வாசித்து முடித்துவிட்டதாக மனம் நிறைவடைந்துவிடுகிறது. இந்த ஊரை அறியாத சேலத்து வாசகருக்கு அந்தத் தெருவை வாக்கியம் வாக்கியமாகக் கட்டியெழுப்பிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இருக்கிறது. எங்களுக்கு அது இல்லை. கூட்டு வாசிப்பில் கொஞ்சம் பழகிய பிறகு, நூலை விட்டு நழுவாமல் பேசும் ஒழுங்கு வந்த பிறகு, இந்த நாவலுக்குத் திரும்புவதே அதற்குச் செய்யும் மரியாதை.

வண்ணநிலவனைத்தான் வாசிக்க வேண்டும் என்பவர்களுக்கு என்னுடைய மாற்று யோசனை, 1977இல் வந்த ‘கடல்புரத்தில்’. மணப்பாட்டை ஒட்டிய மீனவர் வாழ்க்கையைச் சொல்லும் இந்த நாவலும் அளவில் சிறியதுதான். பாய்மர வல்லங்களோடு விசைப்படகுகளான லாஞ்சுகள் போட்டிக்கு வந்துவிட்ட காலம். வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி வற்புறுத்தும் மகன். விற்க மனமில்லாத தகப்பன் குரூஸ் மிக்கேல். காதலித்தவனை வெறுப்பில்லாமல் விட்டுக்கொடுக்கும் மகள் பிலோமி. பிலோமியின் அந்த விட்டுக்கொடுத்தல் பெருந்தன்மையா, அல்லது வேறு வழியில்லாத பெண்ணின் சமாதானமா என்று இரண்டு மணி நேரம் பேசலாம். தாமிரபரணிக் கரையில் குடியிருக்கும் எங்களில் பெரும்பாலோருக்குத் தேரிக்காட்டைத் தாண்டியுள்ள கடற்கரை, திருவிழாவுக்குப் போய்வந்த இடமாக மட்டுமே தெரியும். உவரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். நாவலில் வரும் பேச்சு எவ்வளவு தூரம் கடற்கரையின் பேச்சு, எவ்வளவு தூரம் எழுத்தாளரின் பேச்சு என்பதை அவரால் சொல்ல முடியும். உள்ளூர் நூல்தான் வேண்டும் என்றால், ஊர்க்காரர்கள் கடலையும் கடற்கரைக்காரர்கள் தெருவையும் வாசிப்பது நல்லது.

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ இரண்டாவது. பள்ளியில் தமிழ் கற்பிக்கும் டீச்சர் இதற்காக உறுதியாக வாதாடினார். 1976இல் வெளிவந்த இந்த நாவல், ஆந்திர நாட்டிலிருந்து தெற்கே வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய தெலுங்கு பேசும் மக்களின் கதை. எடுத்த எடுப்பிலேயே வரும் காட்சியை ஒரு முறை வாசித்தவர் மறக்க மாட்டார். தனியே நடந்து வந்த பெண், தாகம் தீர்க்கத் தண்ணீரில் இறங்குகிறாள். அவள் காதிலிருக்கும் நகைக்காக ஒரு கள்வன் அவளைத் தண்ணீருக்குள் அழுத்துகிறான். மூச்சு முட்டும் நிலையில் அவள் அவனுடைய கால் விரலைப் பற்களால் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் அந்தப் பிடி விடாததால் அவன் அகப்பட்டுக்கொள்கிறான். அங்கிருந்து கதை பின்னோக்கிப் போய், நூறு வயதைக் கடந்த மங்கத்தாயார் அம்மாளின் நினைவுகள் வழியே குடிபெயர்வின் வரலாறு விரிகிறது. கிளைக்கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். நாயகன் என்று ஒருவரைச் சுட்ட முடியாது. கேட்டுக் கேட்டுப் பழகிய கதைசொல்லல் என்பதால் வாய்விட்டு வாசிக்க மிகவும் ஏற்றது.

இந்த நாவலை எடுத்துக்கொள்வதாக இருந்தால் சிலவற்றை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். முதலாவது மிகவும் சாதாரணமானது: 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது இதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’, பெயர் ஒற்றுமையால் பாதிப் பேர் அதை வாங்கி வந்துவிடும் வாய்ப்பு உண்டு. இரண்டாவது, கரிசல் வட்டாரச் சொற்கள். கி.ரா.வின் ஊரான இடைசெவலுக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை இடைசெவலும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்களின் பேச்சும், மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் விதைக்கும் ஊர்களின் பேச்சும் ஒன்றல்ல. கி.ரா. தொகுத்த வட்டார வழக்கு அகராதி பக்கத்தில் இருந்தால் நல்லது. மூன்றாவதே முக்கியமானது. குடிபெயர்வுக்குக் காரணமாக நாவல் சொல்வது, பேரழகியான சென்னாதேவியை ஒரு முஸ்லிம் மன்னன் அடைய விரும்பிய கதையை. மக்களின் வாய்வழி நினைவாக அது சொல்லப்படுகிறது. வாய்வழி நினைவை எழுத்தாளர் அப்படியே ஏந்திக்கொள்கிறாரா, அதிலிருந்து விலகி நிற்கிறாரா என்பது விவாதிக்க வேண்டிய விஷயம். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் மேலப்பாளையத்திலிருந்து வரும் நண்பர்களும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இதைப் பூசி மெழுகிவிட்டுக் கடந்து போக முடியாது, கடந்து போகவும் கூடாது. ஒருவருக்கொருவர் பேசிப் பழகிய பிறகு அந்த விவாதம் நன்றாக நடக்கும். முதல் மாதத்திலேயே நடந்தால் எல்லோரும் நாகரிகமாக வாயை மூடிக்கொண்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது நூல் புனைவு அல்ல. தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ 1997இல் வந்தது. பாளையங்கோட்டையில் பிறந்து, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்து, 2020 டிசம்பரில் மறைந்த அவரை நேரில் கேட்டவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். உப்பு, எண்ணெய், தாலி, உரல் உலக்கை என்று அன்றாடம் கையில் புழங்கும் பொருள்களையும் வழக்கங்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சில பக்கங்களில் சொல்லி முடிக்கும் கட்டுரைகள். கதை வாசிக்கும் பழக்கம் இல்லாதவரும் இதை வாசிப்பார். கூட்டத்துக்கு வருகிறவர் வீட்டிலிருக்கும் ஆச்சியிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு வந்தால், அந்த பதிலே கட்டுரையைச் சோதித்துப் பார்க்கும் சான்றாகிவிடும். பல்லாங்குழியைப் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு பேருக்கும் சமமாகப் பங்கிடப்பட்ட காய்கள், ஆட்டம் முடியும்போது ஒருவரிடமே சேர்ந்து மற்றவர் வெறுங்கையோடு நிற்பதை, சமூகத்தில் தனிச்சொத்து தோன்றிய வரலாற்றோடு அவர் பொருத்திப் பார்க்கிறார். ஒரு பல்லாங்குழிப் பலகையை நடுவில் வைத்து இரண்டு பேரை ஆடச் சொல்லிவிட்டு அந்தக் கட்டுரையைப் பேசினால், அவர் சொல்வது ஆட்டத்தின் விதிகளிலிருந்தே வருகிறதா, அவர் கொண்டுவந்து ஏற்றியதா என்பது கண்முன்னே தெரிந்துவிடும்.

இந்த நூலிலும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. கட்டுரைகள் சிறியவை என்பதால் முடிவுகள் வேகமாக வருகின்றன. ஒரு வழக்கத்திலிருந்து பல நூற்றாண்டு வரலாற்றுக்கு அவர் ஒரே பத்தியில் தாவுகிறார். சில இடங்களில் அந்தத் தாவல் பிரமிக்க வைக்கிறது, சில இடங்களில் “இதற்கு என்ன ஆதாரம், அண்ணாச்சி?” என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கும் வாசகர் இருந்தால் இது மிக நல்ல கூட்டு வாசிப்பு நூல். கேட்காத கூட்டத்தில், ஒவ்வொருவரும் “எங்க வீட்லயும் இப்படித்தான்” என்று தத்தம் வீட்டு வழக்கத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். ‘ரெயினீஸ் ஐயர் தெரு’வுக்குச் சொன்ன அதே ஆபத்துதான், வடிவம் மட்டும் வேறு. இதைத் தடுக்க எளிய வழி உண்டு: ஒரு கூட்டத்துக்கு இரண்டே கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பேற்று மாறுபட்ட சான்றுகளைத் தேடிக்கொண்டு வருவது. மாவட்ட மைய நூலகத்தில் அதற்கு வேண்டிய நூல்கள் கிடைக்கும். இரண்டாவது தெரிவாக இதைச் சொல்வேன்.

நான்காவதாக, அதிக ஆர்வமில்லாமல் முன்வைக்கப்பட்ட பெயர் புதுமைப்பித்தன். “அவரத்தான் எல்லாரும் வாசிச்சாச்சே” என்பதே எதிர்ப்பாக வந்தது. வாசித்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களே அதிகம் என்பது என் எண்ணம். பள்ளிப் பாடத்திலும் கல்லூரிப் பாடத்திலும் இரண்டு மூன்று கதைகளை வாசித்திருப்போம், மீதியைப் பற்றி மற்றவர்கள் எழுதிய பாராட்டுகளை வாசித்திருப்போம். சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில் என்றாலும், வளர்ந்ததும் இந்துக் கல்லூரியில் படித்ததும் திருநெல்வேலியில்தான். 1934இல் ‘மணிக்கொடி’ இதழில் எழுதத் தொடங்கி, 1948இல் மறைவதற்குள் நூறுக்கு நெருக்கமான கதைகளை எழுதிவிட்டார். அவற்றில் பெரும்பாலானவை சென்னையில் உட்கார்ந்து எழுதியவை. ஆனால் சென்னைத் தெருவில் நடக்கும் கதையிலும் திருநெல்வேலிப் பிள்ளைமார் வீட்டுப் பேச்சு வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த இரண்டு ஊர் நிலைதான் எங்களுக்கு உதவப் போகிறது. ஊர் தெரியும் அளவுக்கு அருகில் இருக்கிறது, ஊரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாத அளவுக்குத் தள்ளியும் இருக்கிறது.

நடைமுறை வசதியில் மற்ற மூன்றும் இதற்கு அருகில் வர முடியாது. அவருடைய எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 2002இல் நாட்டுடைமை ஆக்கிவிட்டதால், கதைகளை அச்செடுத்துக் கொடுப்பதிலும் செல்பேசியில் அனுப்புவதிலும் உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. முன்மொழியப்பட்ட நாவல்களை ஜெராக்ஸ் எடுத்துப் பங்கிடுவது அந்த எழுத்தாளர்களுக்கும் குடும்பத்தாருக்கும் செய்யும் அநியாயம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் நாட்டுடைமை நூல்கள் கிடைக்கின்றன. புத்தகமாகவே வேண்டும் என்பவர்கள், ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட ‘புதுமைப்பித்தன் கதைகள்’ தொகுப்பை வாங்கலாம். கதைகள் முதலில் எங்கே எப்போது வெளிவந்தன என்ற விவரங்களும் பாட வேறுபாடுகளும் அதில் இருப்பதால், கூட்டத்தில் ஒருவரிடமாவது அது இருப்பது நல்லது. கதைகள் என்பதால், எல்லாவற்றையும் வாசிக்க முடியாதவர் ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு வந்து முழு உரிமையோடு பேசலாம். நாவலைப் பாதியில் நிறுத்தியவர் கூட்டத்துக்கே வருவதில்லை. இதை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

விவாதத்துக்கு இடம் இருக்கிறதா என்ற முக்கியக் கேள்விக்கு ‘சாப விமோசனம்’ ஒன்றே போதும். இராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிபடாமலும் பிடிக்காமலும் போகலாம், அதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்று ஆசிரியரே தலைப்பின் கீழே எழுதிவிட்டுத் தொடங்குகிறார். கல்லாய்க் கிடந்து இராமனின் கால் தூசியால் எழுந்த அகலிகை, சாபம் நீங்கிய பிறகு எப்படி வாழ்ந்திருப்பாள் என்பதுதான் கதை. கோதமன் அவளை நம்புகிறான். ஊரும் ஆற்றங்கரையும் மற்ற ரிஷிபத்தினிகளும் அவளை விட்டுவைப்பதில்லை. காட்டிலிருந்து திரும்பிய சீதை, தான் தீயில் இறங்கி நிரூபிக்க வேண்டியிருந்ததைச் சொல்லும்போது, தன்னை மன்னித்தவனா அப்படிக் கேட்டான் என்று அகலிகை அதிர்ந்துபோகிறாள். கடைசியில் அவள் மறுபடியும் கல்லாகிறாள். அது கோபமா, மறுப்பா, தோல்வியா? சீதை தன் செயலுக்குச் சொல்லும் சமாதானத்தை அகலிகை ஏற்கிறாளா? மனைவியை நம்பிய கோதமனுக்குக் கதை என்ன நியாயம் செய்கிறது? கம்பராமாயணத்தை முறையாகக் கற்ற பெரியவர் ஒருவரும், பெண்ணியம் பேசும் முதுகலை மாணவி ஒருவரும் எதிரெதிரே உட்காரும் எங்கள் கூட்டத்தில் இந்தக் கதை எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க எனக்கு ஆவலாக இருக்கிறது.

‘துன்பக்கேணி’ வேறு வகையில் முக்கியம். வாசவன்பட்டிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகும் மருதியின் கதை அது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறிப் போன ஏழை மக்களைப் பற்றித் தமிழ்ப் புனைவில் வந்த முன்னோடி எழுத்துகளில் ஒன்று. இதே கதையும் ‘பொன்னகர’மும் ஒடுக்கப்பட்ட மக்களைச் சித்தரிக்கும் விதத்துக்காக எதிர்ப்புக்கு உள்ளாகி, 2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. நீக்கியது சரியா என்று கேட்பதை விட, அந்த எதிர்ப்பை மனதில் வைத்துக்கொண்டு கதையை வாக்கியம் வாக்கியமாக வாசிப்பது பயனுள்ளது. மருதி மீது கதைசொல்லிக்கு இருக்கும் பரிவும், அவளையும் அவளுடைய மக்களையும் வருணிக்க அவர் எடுத்தாளும் சொற்களில் படிந்திருக்கும் மேட்டுக்குடிப் பார்வையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் மறைக்காமல் பேச முடிந்தால், பின்னால் ‘கோபல்ல கிராம’த்தின் சிக்கலான இடங்களையும் பேச முடியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 1930களின் உரைநடை இன்றைய இளைஞர்களுக்கு இடறும். வடசொற்கள் அதிகம், கேலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது முதல் வாசிப்பில் பிடிபடாது. ‘கயிற்றரவு’ போன்ற கதையை முதல் மாதத்திலேயே கொடுத்தால் புதிதாக வந்தவர்கள் இரண்டாவது மாதம் வர மாட்டார்கள். எல்லாக் கதைகளும் ஒரே தரத்தில் இல்லை, அவசரத்தில் எழுதியவை என்று பார்த்ததுமே தெரியும் கதைகளும் தொகுப்பில் இருக்கின்றன. ஆகவே தொகுப்பை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லாமல், கதைகளைப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும்; பொறுக்குகிறவரின் விருப்பு வெறுப்பு அதில் கலந்துவிடும் என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். அவரை அறிந்துகொள்ள விரும்புபவர்கள், அவருடைய நண்பரும் திருநெல்வேலிக்காரருமான ரகுநாதன் 1951இல் எழுதிய ‘புதுமைப்பித்தன் வரலாறு’ நூலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கதைகளை வாசித்த பிறகு.

விடுபட்ட பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக. 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ பெரிய நாவல். குமரிக் கடற்கரை முஸ்லிம்களின் பேச்சுவழக்கு பழக நாளாகும். இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். பெருங்குளத்து மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் வந்தது; வரலாற்று ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும். நெல்லைக்காரரான வண்ணதாசன் பெயரை எவரும் சொல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. எல்லோரும் அவரை ஏற்கெனவே தனித்தனியாகத் தங்களுடையவராக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள், பொதுவில் பங்கிட மனமில்லை என்று தோன்றுகிறது.

ஆகவே என் பரிந்துரை இது. முதல் இரண்டு மாதங்கள் புதுமைப்பித்தன். முதல் மாதத்துக்கு ‘சாப விமோச’னமும் ‘செல்லம்மா’ளும். கூட்டம் தொடங்கும்போது, மூன்று நான்கு பக்கங்களே உள்ள ‘பொன்னகர’த்தை ஒருவர் வாய்விட்டு வாசித்தால், எதையும் வாசிக்காமல் வந்தவருக்கும் பேச ஒரு கதை கிடைக்கும். ‘செல்லம்மாள்’ சேர்த்ததற்குக் காரணம் உண்டு: சென்னைத் துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையும் நோயாளி மனைவியும் ஊரை நினைத்துக்கொண்டே பட்டணத்தில் கழிக்கும் வாழ்க்கை, பிள்ளைகளை வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோர்களுக்கு வேறு பக்கத்திலிருந்து தெரியும். இரண்டாவது மாதம் ‘துன்பக்கேணி’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. பின்னதில் வரும் உரையாடலை இரண்டு பேர் கடவுளாகவும் பிள்ளையாகவும் பிரித்துக்கொண்டு வாசிக்க வேண்டும். கந்தசாமிப் பிள்ளை தம்முடைய வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடமே ஆயுள் சந்தா கேட்கும் இடத்தை, ரயில்வே அண்ணாச்சியின் குரலில் கேட்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. மூன்றாவது மாதம் ‘அறியப்படாத தமிழகம்’, கூட்டத்துக்கு இரண்டு கட்டுரைகள் வீதம். பள்ளி விடுமுறை விடும் மே மாதத்தில், டீச்சர் பொறுப்பில் ‘கோபல்ல கிராமம்’. அதற்குப் பிறகு ‘கடல்புரத்தில்’, அதையடுத்து ‘ரெயினீஸ் ஐயர் தெரு’.

இந்த வரிசையில் மாற்றம் வேண்டும் என்பவர்கள் அடுத்த கூட்டத்தில் சொல்லலாம். முதல் மாதக் கதைகளை மட்டும் இப்போதே உறுதி செய்துகொள்வோம். எழுத்து பெரிதாக இருந்தால்தான் வாசிக்க முடியும் என்று மூன்று பேர் சொல்லியிருப்பதால், அவர்களுக்குக் கதைகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தரும் பொறுப்பைக் கல்லூரித் தம்பி ஏற்றுக்கொண்டிருக்கிறார். காலச்சுவடு பதிப்பு வைத்திருப்பவர்கள் அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அச்செடுத்த தாளில் வரி ஏதும் விட்டுப்போயிருந்தால் அங்கேயே ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.